லிங்க் யார் கையில இருக்கு மக்களே? ஆன்லைன் டாக்குமென்ட்டில் கவனிக்க வேண்டிய 3 விஷயங்கள்!

கடிதம், கணக்கு அட்டவணை, பிரசன்டேஷன் எல்லாத்துக்கும் இனி ஸோஹோ ஆபீஸ் சூட்டைத்தான் பயன்படுத்தணும்னு 2025 அக்டோபர்ல மத்திய கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களோட மின்னஞ்சலும் அதே நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கு. 'நம்ம ஊர் கம்பெனி'ன்னு சோஷியல் மீடியால ஒரே கொண்டாட்டம்.

பெருமைப்பட காரணம் இருக்கு. ஸோஹோ ரைட்டர் 2005-லயே வந்தாச்சு. கூகுள், ரைட்லி என்ற ஆப்பை வாங்கி, அதைக் 'கூகுள் டாக்ஸ்' ஆக்கக் கிளம்பினதே 2006-லதான். ஆனா, எந்த கம்பெனி ஆப்பா இருந்தாலும் ஒரு கேள்வி மாறாது. நீங்க எழுதினதை யார் திறக்கலாம், யார் திருத்தலாம்?

மேலூர் பக்கமே ஒரு உதாரணம் பார்ப்போம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பர்ல கிராம சபைகள்ல தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரி 7-ல மதுரையை நோக்கிப் பேரணி போனாங்க. ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து செஞ்சது. நாளைக்கு இதே மாதிரி பத்து ஊர் சேர்ந்து ஒரே மனுவை ஆன்லைன்ல எழுதுதுன்னு வெச்சுக்கோங்க. அரிட்டாபட்டில ஒருத்தர் டைப் பண்றதை வல்லாளப்பட்டில இருக்கிறவர் அப்பவே போன்ல பார்க்கலாம். சூப்பர்தான். ஆனா, அந்த லிங்க் வாட்ஸ்அப்ல பத்து குரூப் தாண்டிப் போனா?

1. எடிட்டர், கமென்ட்டர், வியூவர்

'லிங்க் வெச்சிருக்கிற எல்லாரும்'னு வெச்சு, கூடவே எடிட்டர் அனுமதியும் கொடுத்தா, முகம் தெரியாத ஒருத்தர்கூட மனுவுல ஒரு வரியை மாத்திடலாம். எழுதுற ரெண்டு, மூணு பேரை மட்டும் மெயில் ஐ.டி போட்டு எடிட்டரா சேருங்க. யோசனை சொல்றவங்களுக்கு கமென்ட்டர், மத்தவங்களுக்கு வியூவர் போதும். வியூவர்கூட டவுன்லோடு பண்ணலாம், காப்பி எடுக்கலாம். அதையும் தடுக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு.

2. அழிச்சாலும் அழியாது

ஆதார் நம்பரையோ, பேங்க் அக்கவுன்ட் நம்பரையோ டைப் பண்ணிட்டு அழிச்சுட்டீங்களா? 'வெர்ஷன் ஹிஸ்டரி'ல அது அப்படியே இருக்கும். எடிட்டர் அனுமதி உள்ள யாரும் பழைய பிரதியைத் திறந்து பார்க்கலாம். அதனால வெளியே அனுப்பும்போது புதுசா ஒரு காப்பி எடுத்து, அதை அனுப்புங்க. பழைய வரலாறு அந்தக் காப்பியோட வராது. அதே வெர்ஷன் ஹிஸ்டரி நமக்கு நல்லதும் செய்யும். யாராவது மனுவைக் குழப்பிட்டா, எப்போ, என்ன மாத்தினாங்கன்னு பார்த்து, முன்னாடி இருந்த நிலைக்கே கொண்டுவந்துடலாம்.

3. ஓனர் யாரு?

காலேஜ் மெயில்ல ப்ராஜெக்ட், ரெஸ்யூம் எல்லாம் வெச்சிருக்கீங்களா? படிப்பு முடிஞ்சு அந்த அக்கவுன்ட்டை மூடினா ஃபைலும் கூடவே போயிடும். இப்பவே சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க. சொந்த கூகுள் அக்கவுன்ட்டையும் ரெண்டு வருஷம் தொடாம விட்டா, அதை நீக்கலாம்னு 2023-லயே கூகுள் விதி கொண்டு வந்துடுச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி கடையில மெயில் திறந்து பிரின்ட் எடுக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். இன்காக்னிட்டோ விண்டோல திறங்க. டவுன்லோடு ஃபோல்டர்ல இறங்கின ஃபைலை அழிங்க, ரீசைக்கிள் பின்லயும்தான். கிளம்புறதுக்கு முன்னாடி லாக்-அவுட் பண்ண மறக்காதீங்க.

அமைச்சகம் ஆப்பை மாத்திக்கலாம். உங்க ஃபைலோட அனுமதியை நீங்கதான் மாத்தணும். இன்னிக்கு ராத்திரி ரீல்ஸுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் லீவு விட்டுட்டு, போன வருஷம் ஷேர் பண்ணின ஃபைல்களை ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. வேலை முடிஞ்ச லிங்க்கை எல்லாம் மூடிடுங்க பாஸ்!