கம்ப்யூட்டரா வரையுது?

"கம்ப்யூட்டர்ல தானே வரையறீங்க? அரை மணி நேரத்துல முடிஞ்சிடுமே!"

டிஜிட்டல்ல படம் போடுற எல்லாரும் இந்த டயலாக்கை ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. எனக்கு இது பொழுதுபோக்கு, சிரிச்சிட்டுப் போயிடுவேன். இதையே பிழைப்பா வச்சிருக்கிறவங்ககிட்ட, பேரம் இந்த வரியிலதான் ஆரம்பிக்குது. அதான் கடுப்பு.

சரி, மேட்டருக்கு வருவோம். இப்போ நான் க்ரிட்டாவுல வரைஞ்சுக்கிட்டு இருக்கிறது பொன்னியின் செல்வன் பூங்குழலி. (எல்லாரும் நந்தினி, குந்தவைன்னு போறப்ப நமக்கு ஓடக்காரி :-)) 1950-ல கல்கியில தொடர் ஆரம்பிச்சப்போ மணியம் போட்ட படங்கள் இன்னிக்கும் நம்ம ஆளுங்க மனசுல உட்கார்ந்திருக்கு. அதைக் காப்பி அடிக்கக் கூடாது, ஆனா பார்த்ததும் பூங்குழலின்னு தெரியணும். இதுக்கு எந்த மெனுவுலயும் பட்டன் கிடையாதுங்க.

ராத்திரியில கடல்ல துடுப்பு போடுற பொண்ணு. அவ தோள் எப்படி இருக்கும்? உடம்போட பாரம் எந்தக் கால்ல நிக்கும்? நளினமா நிக்க வச்சா நாட்டியக்காரி ஆயிடுறா, விறைப்பா நிக்க வச்சா போலீஸ்காரி ஆயிடுறா. இதுக்கே பத்துப் பதினைஞ்சு ரஃப் போகுது. அப்புறம் மொத்த உருவத்தையும் கறுப்பால நிரப்பிப் பார்க்கணும். கண்ணு, மூக்கு எதுவும் தெரியாம, வெறும் நிழலைப் பார்த்தே ஆள் யாருன்னு புரியுதா? புரியலைன்னா மேல எவ்வளவு பளபளன்னு கலர் அடிச்சாலும் வேஸ்ட்டு. 'M' மாதிரி ஒரு கீயைத் தட்டினா படம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலமா திரும்பும் பாருங்க, அப்பதான் ஒரு கண்ணு மேல ஏறி நிக்கிறது தெரியும்!

வெளிச்சம் இன்னொரு தலைவலி. நிலா வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குச் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாத்தான் தெரியும். ஆசைப்பட்டு சிவப்புச் சேலை கட்டிவிட்டா இருட்டோட இருட்டா கரைஞ்சிடும். அதனால முதல்ல முழுப் படத்தையும் சாம்பல் நிறத்துலயே முடிச்சு, எது வெளிச்சம், எது இருட்டுன்னு தீர்மானிச்சுக்கணும். அதுக்கப்புறம் கலர் அடிக்கிறது ஒரு சாயங்கால வேலை. பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியறது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

"அன்டூ இருக்கே" அப்படிம்பாங்க. அன்டூ கோட்டை அழிக்கும். எந்தக் கோட்டை அழிக்கணும்னு அதுக்கா தெரியும்?

இப்போ ஏஐ வேற. நாலு வார்த்தை தட்டினா படம் வந்துடுதாம். வரட்டும், நல்லாவே இருக்கட்டும். ஆனா கல்கியைப் படிச்சிட்டு இந்தப் பொண்ணோட தோள் இப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்றது ஒரு வேலை. அந்த வேலையை யாராவது உட்கார்ந்து செஞ்சுதான் ஆகணும்.

பிரான்ஸ்ல டேவிட் ரெவோய்னு ஒரு ஓவியர். குட்டி சூனியக்காரி பெப்பர், அவளோட பூனை கேரட்னு 2014-லேர்ந்து ஒரு காமிக்ஸ் போடுறார். படத்தோட, லேயர் கலையாத மூல ஃபைலையும் எல்லாருக்கும் இலவசமா தர்றார். அவர் பேரைப் போட்டு யார் வேணா பயன்படுத்தலாம். திறந்து பாருங்க, ஒரு படத்துக்குள்ள எத்தனை அடுக்கு வேலை இருக்குன்னு புரியும். என்னைக் கேட்டா நம்ம ஆளுங்களும் ரஃப்பை ஒளிச்சு வைக்கக் கூடாது. ஃபைலைத் தர வேண்டாம், வாங்க வர்றவங்ககிட்ட அந்தப் பதினைஞ்சு ரஃப்பையும் வரிசையா காட்டுங்க. கூச்சப்படாம ரஃப்புக்குத் தனியா ரேட் போடுங்க, பாதிக் காசை அட்வான்ஸா வாங்குங்க. "சும்மா கொஞ்சம் மாத்திக் குடுங்க"ன்னு மூணாவது தடவை வந்தா, அதுக்கும் ஒரு ரேட்டு!