நாணயம் காக்கும் சொற்கள்

ஒரு மொழியினர் பணத்தைப் பற்றி எவ்வாறு பேசுகின்றனர் என்று நோக்கின், அவர்தம் வரலாறும் உள்ளமும் ஒருங்கே புலப்படும். தமிழில் 'பொருள்' என்பது செல்வத்தையும் சுட்டும்; சொல்லின் கருத்தையும் சுட்டும். 'நாணயம்' காசுக்கும் பெயர், நேர்மைக்கும் பெயர். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம்முடையது.

நம் புதுவையின் பழங்காசுகளைக் காண்க. 1736ஆம் ஆண்டில், ஆளுநர் துய்மா காலத்தில், ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகான் வழியாக வெள்ளி ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அவ்வாண்டிலேயே. அந்த ரூபாயில் பொறிக்கப்பெற்றது முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயர்; எழுத்தோ பாரசீகம். எளியோர் கையில் புழங்கிய செப்புக்காசில் ஒருபுறம் பிரெஞ்சு அரசின் லில்லி மலர். மறுபுறம் 'புதுச்சேரி' என்னும் தமிழெழுத்து. பிரெஞ்சு ஏடுகள் 'தூதூ' என்றெழுதிய அக்காசு, நம் மக்கள் நாவில் துட்டு. கணக்கேட்டிலோ அசல், பாக்கி, வசூல் என அரபுச் சொற்கள் தமிழாகவே கலந்து நிற்கின்றன. பணத்தைத் துலக்கமாகப் பேசுதற்கு நமக்குச் சொற்பஞ்சம் இல்லை.

ஆயினும், பேச வேண்டிய இடத்தில் நாம் வாய் மூடுகின்றோம். மணமகன் மணமகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டது மகர். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டார் பெறுவதை நம் முன்னோர் 'கைக்கூலி' என்றே வழங்கினர். கைக்கூலி என்பது இலஞ்சத்துக்கும் பெயர். வாங்குவோர் நாணும்படி இட்ட பெயர் அது. இன்றோ அதனை 'அன்பளிப்பு' என்கின்றோம். 'நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் விருப்பம்' என்கின்றோம். பெயர் இனித்தது, தொகை குறையவில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கும் இவ்வினிய பெயரே திரையாகின்றது. பெண்ணைப் பெற்றவர் வீட்டை அடகு வைத்துவிட்டு, விருந்துப் பந்தலில் சிரித்து நிற்கின்றார்.

பணத்தை வெளிப்படையாகப் பேசுதல் பண்பாகுமா எனச் சிலர் வினவலாம். திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைப்பதைப் பற்றியது. உடன்பிறந்தாரிடையே கைம்மாற்றாயினும் எழுதிக்கொள்வது ஐயத்தின் பாற்பட்டதன்று. உறவைக் காக்கும் வேலி.

எனவே, ஜமாஅத் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்று. நிக்காஹ் பதிவேட்டில் மகர் எவ்வளவு, கொடுக்கப்பட்டதா, பாக்கியா என்பதைத் தெளிவுற எழுதச் செய்க. பெண் வீட்டாரிடம் பெற்றது ஏதேனும் உண்டெனில், அதனைக் கைக்கூலி என்னும் பழம்பெயராலேயே அவையறியக் கேட்க. அப்பெயரைத் தாங்கி ஒப்பமிட எத்தனை பேர் முன்வருவர்?

மாணவச் செல்வங்களே, நாளை மணமேடை ஏறப்போவோர் நீங்கள். சொல்லில் நாணயம் இருப்பின், கையிலுள்ள நாணயமும் தூய்மையாகும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!