சமர்த்துப் பிள்ளைக்கும் வரும் சங்கடம்

பிள்ளைக்கு மனநல உதவி தேவை என்பது பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது வாசலில்தான் தெரியவருகிறது. முதல் வாசல் குழந்தை மருத்துவருடையது. வயிற்றுவலிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்தது மந்திரித்துக் கயிறு கட்டும் இடம். நடுவில், "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்று உறவினர் சொல்லும் ஆறுதல். இதற்குள் ஒரு கல்வியாண்டு ஓடிவிடும். மனநலச் சிக்கல்களில் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறத்தாழ மூன்று பேர்.

அந்த மூன்று பேரில் ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது அடிதடிக்குப் போகிறவனும், இடத்தில் உட்காராதவனும்தான். பிறருக்குத் தொல்லை தரும் நடத்தை உடனே கவனம் பெறுகிறது. பிள்ளையை மட்டுமே வாட்டும் துன்பம் அப்படிப் பெறுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, ஒரு மதிப்பெண் குறைந்தாலும் இரவெல்லாம் விழித்திருந்து, ஒரு வரியைப் பத்துமுறை அழித்து எழுதும் பெண் 'சமர்த்து' என்று பெயர் வாங்குகிறாள். பதற்றக் கோளாறும் எண்ணச் சுழற்சி நோயும் (OCD) பாராட்டுக்குரிய குணங்களாக வேடமிட்டு வருவது இப்படித்தான். நம் ஊரில் அடக்கத்துக்குக் கிடைக்கும் மரியாதை, சில பிள்ளைகளின் நோயை மூடி மறைக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இந்த மறைந்த நோய் பிடிபடாது. பிள்ளையை ஆறு மாதத்துக்கு முந்தைய அதே பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். இயல்பிலேயே கூச்சமுள்ளவன் பேசாமல் இருப்பதில் செய்தி இல்லை. வாயாடி திடீரென்று பேச்சை நிறுத்தினால் உண்டு. மாற்றம் எத்தனை நாள் நீடிக்கிறது, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா, சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு இவற்றில் எதையெல்லாம் பிடித்துக்கொண்டது என்பவை அடுத்த கேள்விகள். மருத்துவர்களும் கால அளவு பார்க்கிறார்கள். மனச்சோர்வு என்று சொல்ல இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். பெற்றோரைப் பிரியப் பயப்படுவதை நோயாகக் கருதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம். கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு (ADHD) ஆறு மாதம், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். ஒருநாள் கோபத்துக்கு யாரும் நோய்ப்பெயர் வைப்பதில்லை.

வயதைப் பொறுத்து அறிகுறியின் மொழியும் மாறும். சிறு பிள்ளைக்குத் துக்கத்தைச் சொல்ல வார்த்தை போதாது, உடம்பு சொல்கிறது. திங்கள் காலை வயிறு வலிக்கும், பள்ளி வேன் போன பிறகு பத்து மணிக்கு வலி இருக்காது, மே மாதம் முழுக்க எட்டிப் பார்க்காது. இதை நடிப்பு என்று திட்டுவதில் நியாயமில்லை. அச்சம் குடலை உண்மையாகவே இறுக்குகிறது, வலி நிஜம். படுக்கையை நனைப்பதை நிறுத்திய எட்டு வயதுப் பையன் மறுபடி நனைக்கத் தொடங்குவதும் இந்த வகைதான். பதின்பருவத்தில் சோகம் எரிச்சலாக வெளிப்படும். கதவைச் சாத்திக்கொள்வது, சின்னக் கேள்விக்கும் சீறுவது, விரும்பி ஆடிய கிரிக்கெட்டை விட்டுவிடுவது என்று வரும்போது, வீட்டில் எல்லாப் பழியும் கைப்பேசி மேல் விழுகிறது. கைப்பேசி சில வேளை காரணம். பல வேளை ஒளிந்துகொள்ளும் இடம்.

காலக்கெடு பார்த்துக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சாவைப் பற்றிய பேச்சு, வெயிலிலும் முழுக்கைச் சட்டையால் மறைக்கப்படும் காயங்கள், பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, சாப்பாட்டைத் தவிர்த்து வேகமாக மெலிவது, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது. இவற்றுக்கு அன்றைக்கே உதவி தேட வேண்டும். 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. "சும்மா மிரட்டுறான்" என்பது இந்த விஷயத்தில் ஆபத்தான ஊகம். 'சாகலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயமும் தேவையற்றது. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம் குறைகிறது.

மறுபக்கம், எல்லா மாற்றத்துக்கும் மனதே காரணமில்லை. திடீரென மதிப்பெண் சரிந்தால் கண்பார்வையையும் காதையும் சோதிக்க வேண்டும். ஓயாத சோர்வுக்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். தாத்தா இறந்த வாரத்தில் அழும் பிள்ளைக்கு வேண்டியது மடி. சில வீடுகளில் சிகிச்சை தேவைப்படுவது பிள்ளைக்கே அல்ல. தந்தையின் குடியையோ அன்றாடச் சண்டையையோ தொடாமல் பிள்ளையை மட்டும் 'சரிசெய்து' தரச் சொன்னால், எந்த ஆலோசகராலும் அதிகம் செய்ய முடியாது.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் நிறைய. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகவும், சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகவும் சிகிச்சை தருபவர் உளவியலாளர். இவர்களில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'கவுன்சலிங்' என்று பலகை மாட்டிய எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்பதால் பதிவைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளிலேயே முடியும். பெற்றோரிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாக. பிள்ளை சொன்னதையெல்லாம் வெளியே வந்ததும் பெற்றோர் கேட்டு வாங்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ரகசியம் தளரும். பாலியல் வன்முறை தெரியவந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்கும் வீட்டார் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் பேசலாம்.