பங்கு வேறு, வைப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கூட்டுறவு வங்கியில் உறுப்பினராகலாமா என்று அக்கம்பக்கத்தார் கேட்கும்போது, சேருங்கள் என்றே சொல்கிறேன். 1904 அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கள் காஞ்சிபுரத்தில்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் பெருமையை மட்டும் நம்பிப் பணம் போடக் கூடாது.

பலரும் பங்குத்தொகையையும் வைப்புத்தொகையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். வங்கி நொடித்தால் வைப்புக்கு, வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, பங்குக்குக் கிடையாது. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புக்கோ இந்தக் காப்பீடே பொருந்தாது. கவுண்டரில் இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. 2019இல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி முடங்கியபோது, ஆயுள் சேமிப்பைப் போட்ட முதியவர்கள் கிளை வாசலில் கதறியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இன்னொன்று. நகைக்கடனுக்காக அவசரத்தில் இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்தவருக்கு வாக்கு இல்லை. முழு உறுப்பினருக்கோ, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. நூறு ரூபாய்க்குப் பங்கு வாங்கிய நெசவாளியும் லட்ச ரூபாய்க்கு வாங்கிய முதலாளியும் அங்கே சமம். நான் சேரச் சொல்வதே இதற்காகத்தான்.

சேரும் முன் கடைசித் தணிக்கை அறிக்கையையும் வாராக்கடன் அளவையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உறுப்பினர் படிவத்தின் முதல் பக்கத்திலேயே காப்பீட்டு விவரத்தைத் தமிழில் அச்சிடக் கூட்டுறவுத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காஞ்சிபுரம்