கருவிப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!



சென்ற மாதம் பெற்றோர் சந்திப்பு நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தை மதிப்பெண் அட்டையைப் பார்த்து முடித்த பின்னரும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். "ஐயா, ஒரு யோசனை கேட்கலாமா?" என்றார். செந்தூல் அடுக்குமாடி வீட்டிலிருந்து தரை வீட்டுக்கு அண்மையில் குடிபெயர்ந்தவர் அவர். காரை நிறுத்த முகப்பு உண்டு. அதன் ஓரத்தில் வைக்க, ஏழு இழுப்பறைகளும் நான்கு சக்கரங்களும் கொண்ட சிவப்பு நிற இரும்புக் கருவிப் பெட்டி ஒன்றை வாங்க எண்ணியிருந்தார். கைப்பேசியில் படத்தையும் காட்டினார். விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். "நீங்கள்தானே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சொல்லிக் கொடுக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்ததால், "இப்போதைக்கு வாங்காதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை அவருக்கும் மற்றவர்க்கும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு சொல். கருவிகளால் எழுந்த ஊர் செந்தூல். கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வே 1901ஆம் ஆண்டு உருவானது. அதன் மையப் பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் அமைந்தன. நீராவி இயந்திரங்களும் பயணிகள் பெட்டிகளும் இங்கே பழுதுபார்க்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பலர் இந்தப் பட்டறைகளையும் தண்டவாளங்களையும் நம்பியே இங்குக் குடும்பம் நடத்தினர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டு நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. அப்போதும் இலக்கானது இந்தப் பட்டறைதான். அந்த அளவுக்கு அது முதன்மையான இடமாக இருந்தது. பின்னர்ப் பட்டறைப் பணிகள் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு மாறின. இன்று செந்தூல் மேற்கில் பழைய இரயில்வே கட்டடத்தில் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் 2005ஆம் ஆண்டு முதல் நாடகம் நடத்துகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டறையில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகளிடம் வகுப்பில் ஒரு திருப்புளியை நீட்டினால், எந்தப் பக்கம் திருகினால் ஆணி கழலும் என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்! பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. இதில் என் கதையே வேறு மாதிரியானது.

என் தந்தை அந்தப் பட்டறையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். வீட்டில் அவருக்கென்று ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் தட்டுகள் இரு பக்கமும் படிபோல விரியும். அதற்கு ஒரு பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அண்டை வீட்டு மிதிவண்டி, குழாய், தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் வைத்தியம் பார்த்தது. உள்ளே எப்போதும் கற்பூர வாசம் வீசும். துரு பிடிக்காமலிருக்கக் கற்பூர வில்லைகளைத் துணியில் முடிந்து போட்டிருப்பார். (சாமி கும்பிட வைத்திருந்த கற்பூரம் குறைகிறதே என்று அம்மா முணுமுணுப்பது தனிக்கதை.) மேலைநாட்டுப் பழைய இயந்திரத் தொழிலாளரிடமும் இவ்வழக்கம் உண்டு என்று பின்னாளில் படித்து வியந்தேன்.

நான் அருகில் போய் உட்கார்ந்தால் அவர் சொல்வது ஒன்றுதான். "நீ போய்ப் படி. இந்த அழுக்கு என்னோடு போகட்டும்."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தம் மகன் கை கறுக்கக் கூடாது என்று ஒரு தொழிலாளி நினைப்பது தவறா? தோட்டத்திலும் பட்டறையிலும் உழைத்த தலைமுறை முழுவதும் அப்படித்தான் நினைத்தது. நானும் படித்தேன், ஆசிரியரானேன்.

2004ஆம் ஆண்டு அப்பா காலமானார். சில மாதங்கள் கழித்துப் பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஸ்பேனர்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மேல் 1/4W என்று பொறிக்கப்பட்டிருந்தது. என் மோட்டார் சைக்கிளின் போல்ட்டு ஒன்றில் அதைப் போட்டுத் திருகினேன். பொருந்துவது போலிருந்தது, அழுத்தியதும் வழுக்கி, போல்ட்டின் தலை மழுங்கிப் போயிற்று. மற்றவற்றையும் முயன்று பார்த்தேன். பெரும்பாலானவை பொருந்தவில்லை. தேய்ந்து போன பழைய இரும்பு என்று முடிவு கட்டினேன். "சுராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருவில் வந்த லாரியை நிறுத்தி, பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வெள்ளி கிடைத்தது.

அவை தேய்ந்து போனவை அல்ல என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டு திருகு மரைகளுக்கு ஓர் அளவுமுறையை முன்வைத்தார். பிரிட்டிஷார் அமைத்த இரயில்வேயில் அந்த அளவுமுறைதான் புழங்கியது. அதில் ஸ்பேனரின் மேல் பொறிக்கப்பட்டிருப்பது வாயின் அகலம் அன்று. போல்ட்டுத் தண்டின் விட்டம்! 1/4W என்ற ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். என் ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் போல்ட்டுத் தலை 13 மில்லிமீட்டர். அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் அது வழுக்கியது. ஒரு வேலைக்காகச் செய்யப்பட்ட நல்ல கருவியை, அவ்வேலையை அறியாத நான் குப்பை என்று விற்றேன். ஒரே ஒரு நாள் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது என்ன எழுத்து தெரியுமா?" என்று கேட்டிருந்தால் அந்தப் பெட்டி இன்று என் வீட்டில் இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. பெட்டி பூட்டியே இருந்தது.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் படத்தில் காட்டிய பெட்டி நல்ல பெட்டிதானா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேரில் சென்று சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

தகட்டின் தடிமன் முதலாவது. இது கேஜ் கணக்கில் குறிக்கப்படும். எண் கூடினால் தகடு மெலியும் என்பதைப் பலர் அறியார். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 24 கேஜ் அதில் பாதி. பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்வாங்கினால் விட்டுவிடுங்கள். அடுத்து இழுப்பறை. வெறும் தகட்டின் மேல் தகடு உரசி நகர்வது ஒரு வகை. பால் பேரிங் தடத்தில் ஓடுவது மற்றொரு வகை. கடையில் காலியாக இருக்கும்போது இரண்டுமே வழுக்கிக்கொண்டு ஓடும். இழுப்பறையை முழுதும் வெளியே இழுத்து, முனையில் கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். தளர்ந்து ஆடினால், ஸ்பேனர்களை நிரப்பிய ஓராண்டில் அது திறக்க மறுக்கும். நல்ல இழுப்பறை ஒன்று 40, 45 கிலோ வரை தாங்கும். அட்டையில் அந்த எண் போட்டிருக்கும். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிட முதன்மையான செய்தி ஒன்று உண்டு. உயரமான பெட்டியின் மேல் இழுப்பறைகளில் கனத்தை வைத்து, இரண்டு மூன்றை ஒருசேரத் திறந்தால் பெட்டி முன்பக்கம் கவிழும். ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறை மட்டுமே திறக்கும்படி அமைந்த பெட்டிகளும் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் கனத்தைக் கீழே வையுங்கள். பெட்டியைச் சுவரோடு பிணையுங்கள். சக்கரங்களின் தடையைப் போட்டு வையுங்கள். செந்தூல் வீடுகளின் முகப்புத் தரை தண்ணீர் ஓடுவதற்காகக் கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்!

பிறகு, துரு. இதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. குளிர்நாட்டில் அடைத்த கராஜுக்குள் வைக்கச் செய்த பெட்டியை, மாலை மழையின் சாரல் அடிக்கும் திறந்த முகப்பில் வைக்கிறோம். நம் காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல். வண்ணம் பூசிய வெளிப்புறம் பளபளக்கும். தடங்களும் பூட்டும் உள்ளிருந்து துருவேறும். சுவரோரம், சாரல் படாத பக்கம், தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கருவிகளைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு வைத்தாலே போதும். அப்பாவின் கற்பூர முடிப்பை மட்டும் பின்பற்றாதீர்கள். சிறு பிள்ளைகள் அதை விழுங்கினால் நஞ்சு.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் கருத்து மாறவில்லை. முதல் பெட்டியாக அதை வாங்காதீர்கள்.

ஏழு இழுப்பறை உள்ளவர் ஏழையும் நிரப்பத் தொடங்குவார். நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட செட்டை வாங்குவார். அதில் பாதி ஒரு நாளும் கைபடாது. அவ்வளவு விலை கொடுத்த பின் பூட்டத்தானே தோன்றும்? "தொடாதே, தொலைத்துவிடுவாய்" என்ற சொல் தானாக வரும். அப்பாவின் பெட்டியாவது உழைத்தது. இது அழகுக்கு நிற்கும்.

மாறாக, ஒரு கையால் தூக்கக்கூடிய தட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அதற்குள் 8, 10, 12, 13, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், இரண்டு அளவில் நட்சத்திரத் திருப்புளி, இரண்டு தட்டைத் திருப்புளி, பிளையர், சிறு சுத்தியல், அளவு நாடா, அறுகோணச் சாவிகள். ஒரு வீட்டுக்கும் ஒரு கப்சாய்க்கும் நெடுங்காலம் இது போதும். (பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் நட்சத்திரத் திருகாணி ஜே.ஐ.எஸ். என்ற வேறு அளவுமுறையைச் சேர்ந்தது. சாதாரணத் திருப்புளி அதில் ஏறி வழுக்கும். இதையும் திருகாணிகள் சில மழுங்கிய பின்பே கற்றேன்.) குறை தெரியும்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெட்டி நிரம்பி வழிந்தால், அப்போது அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்குங்கள். நானே உடன் வருகிறேன்.

அடுக்குமாடி வாசிகளே, உங்களுக்கும் இது பொருந்தும். காலணி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்க இடமிருக்கும்.

"கத்தியும் இரம்பமும் பிள்ளை கையில் படலாமா?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். கூடாது. கூர்மையானவற்றையும் மின்கருவிகளையும் தனியே உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். மின்சார வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். ஆனால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் யாரையும் வெட்டாது.

"தேர்வில் வராததற்கு இவ்வளவு எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். முன்பு வாழ்வியல் என்றிருந்த பாடம் இன்று நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று வருகிறது. நூலில் கருவிகளின் படமும் பெயரும் பாதுகாப்பு விதியும் உள்ளன. முப்பது பிள்ளைகளுக்கு நான் காட்டக்கூடிய நேரம் அரைமணி; ஆளுக்கு ஒரு நிமிடம் கருவி கையில் இருந்தால் அதிகம். இறுகிய திருகாணி இளகும்போது மணிக்கட்டில் தெரியும் அந்த உணர்வை ஒரு நிமிடத்தில் எப்படிக் கற்பிப்பது? இந்த இடத்தில் பள்ளியின் கை சிறியது, பெற்றோரே. மழுப்பாமல் ஒத்துக்கொள்கிறேன்.

மேலும் ஒன்று. வகுப்பில் "வீட்டில் கருவிப் பெட்டியைத் திறந்தவர் யார்?" என்று கேட்டால் உயரும் சில கைகளும் பையன்களின் கைகளாகவே இருக்கின்றன. சிறுமி ஒருத்தி, "அது அண்ணனுக்கு, சார்" என்றாள். அன்றைக்குப் பாடம் முடியும் வரை அவளைத்தான் முதலில் அழைத்துக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். நாற்காலியின் நான்கு போல்ட்டுகளையும் சரியாக முடுக்கினாள். இன்னும் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று கேட்டாள்.

என் வீட்டுப் பெட்டி இப்போது முகப்பில், கதவுக்கு வலப்பக்கம், மகளின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பூட்டு இல்லை. கடந்த வாரம் மிதிவண்டி இருக்கையை உயர்த்திவிட்டு 12 மில்லிமீட்டர் ஸ்பேனரை மழையில் விட்டுவிட்டாள். காலையில் செம்பழுப்பாகக் கிடந்தது. இருவரும் படியில் அமர்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தோம். முழுதும் போகவில்லை. அதன் மேலிருந்த எண்ணைத் தேய்த்து எடுத்தபின், "அப்பா, இந்த 12 எதை அளக்கிறது?" என்று கேட்டாள்.