முள்ளைச் சோற்றால் தள்ளாதீர்கள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அணை மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். சாப்பிடும்போது அத்தைக்கு (வயது 64, பல்செட் கட்டியிருக்கிறார்) தொண்டையில் முள் சிக்கியது. வெறும் சோற்றை உருட்டி மூன்று முறை விழுங்கச் சொன்னோம், வாழைப்பழமும் கொடுத்தோம். தொண்டையில் குத்துவது நின்றுவிட்டது. ஆனால் மறுநாளிலிருந்து நெஞ்சில் வலி. எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறது. தானாகச் சரியாகுமா?
– வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: காத்திருக்கக் கூடாது. இதழ் வெளிவரும்வரை தள்ளிப்போடும் விஷயம் இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே வாசகியிடம் தொலைபேசியில் பேசி, அத்தையை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லப்பட்டது. மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் பதில் இங்கே.

மீன் முள் பெரும்பாலும் உள்நாக்கின் பக்கத்துச் சதையிலோ நாக்கின் அடியிலோதான் குத்தி நிற்கும். அங்கே இருக்கும்போது காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் சீக்கிரம் எடுத்துவிடலாம். சோற்று உருண்டை அந்த முள்ளைக் கீழே தள்ளி உணவுக்குழாயில் குத்த வைத்துவிடும். தொண்டை வலி நின்றதால் முள் போய்விட்டது என்று பொருள் இல்லை. உணவுக்குழாய் துளைபட்டால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும்; பக்கத்தில் பெரிய இரத்தக்குழாயும் ஓடுகிறது. உயிருக்கே ஆபத்து. எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்காது. அவை தொண்டையில் தங்குவதே ஓரிரு நொடிதான்.

முள் சிக்கினால் செய்ய வேண்டியவை:

1. சாப்பிடுவதை நிறுத்தி, மெதுவாக இருமித் துப்பலாம், வாய் கொப்பளிக்கலாம்.
2. விரலை விட்டுக் கிளறுவதும் வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.
3. குத்தல் நிற்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் அதுவரை எதுவும் சாப்பிட வேண்டாம்.
4. மூச்சுத் திணறல், எச்சில் விழுங்க முடியாமை, இரத்தம், நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்து வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

உணவுக்குழாயில் நிற்கும் முள்ளை எண்டோஸ்கோப்பி என்னும் குழாய்க் கருவியால் எடுப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் மீன் முள் பல நேரம் தெரியாது, சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். அந்த வசதி இல்லாத இடமானால் திருப்பூருக்கோ கோவைக்கோ அனுப்புவார்கள். தயங்காமல் போங்கள்.

இரைப்பைக்குள் இறங்கிய முள் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வந்துவிடும். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் தேவையில்லை. ஆனால் எப்போதாவது ஒரு முள் குடலைக் குத்திவிடும். சில நாளோ சில வாரமோ கழித்துக் குடல்வால் வலி போலவே வயிறு வலிக்கும். அதற்குள் மீன் சாப்பிட்டதே மறந்திருக்கும். வயிற்று வலி என்று போகும்போது, முள் விழுங்கியதை மருத்துவரிடம் சொல்வது பாதி வைத்தியம்.

இது யாருக்கும் நடக்கும். இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் தாயாருக்கு 1982-இல், 82 வயதில், தொண்டையில் மீன் முள் சிக்கி, மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். பிறகு 1986-லும் 1993-லும் மறுபடி சிக்கியது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குத்தான் போனார். 101 வயதுவரை வாழ்ந்தார்.

இனி வராமல் இருக்க: மேல்தாடை பல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால், வாயில் முள் இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேறொருவர் முள்ளைக் களைந்து, சதையை விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளில் சதைக்குள்ளேயே கவட்டை போன்ற மெல்லிய முட்கள் இருக்கும். ஜிலேபியிலும் விராலிலும் அந்தத் தொல்லை குறைவு. வயிற்றுப் பக்கத்து முட்களை மட்டும் நீக்கினால் போதும்.

பனியன் கம்பெனி வண்டி வருவதற்குள் நேற்றைய மீன் குழம்பை அவசரமாகச் சாப்பிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. காலை அவசரத்தில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். மீன் துண்டை இரவு வீடு திரும்பியதும், வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்.