சிறுதேரும் சிறுகையும்

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலாற் ‘பெயரன்’ என்றனர் முன்னோர். அச்சொல்லே பேரன் என வழங்குகின்றது. பெயரோடு வேறு எதனைப் பாட்டன்மார் அளிக்கின்றனர் என்பதே நாம் எண்ண வேண்டிய வினா. காணியும் நகையும் அளிப்போர் உளர். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளை அளிப்போர் அவரினும் பலர். தம் கைப்பழக்கத்தை அளிப்போர் மிகச் சிலரே.

சங்கப் புலவர் சிறுவரின் மரத்தேரை மறந்தாரல்லர். தச்சர்தம் பிள்ளைகளும் விரும்புமாறு செய்யப்பட்ட சிறுதேரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. ஏறிச் செல்ல இயலாத தேரைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்பதனைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகின்றது. இழுத்தலே இத்துணை இன்பமாயின், செய்தல் எத்துணை இன்பம் பயக்கும்!

கடந்த விடுமுறையில் என் பேரனும் பேர்த்தியும் ஒரு பலகைக்கட்டை செய்தனர். இரு கட்டைகளின்மீது ஒரு பலகையைப் பொருத்துவதே அதன் அமைப்பு. உலர்ந்த வேப்பம்பலகையைக் கொடுத்தேன். வாளையும் சீவுளியையும் என் கண்முன்னரே கையாள வேண்டுமென விதித்தேன். சீவுளி ஓரிடத்தில் மரத்தைப் பிய்த்தது. “ஏன் அப்பப்பா?” என்றான் பேரன். பலகையைத் திருப்பிப் பிடிக்குமாறு மட்டும் கூறினேன். இழையோட்டத்தின் வழியே சீவினால் மரம் இணங்கும், எதிர்த்துச் சீவினாற் பிய்யும் என்பதனை அவன் கையே அறிந்துகொண்டது.

முடிந்த கட்டை சற்றே ஆடியது. நான் திருத்தியிருப்பின் அது விரைவில் நேராகியிருக்கும். ஆயின் என் பொருளாகியிருக்கும். எம்மூலை உயர்ந்ததென அவர்களே ஆராய்ந்து சீவினர். இன்றும் சிறிது ஆடுகின்றது. அதன்மீது இருந்து உண்ணுதற்கு இருவரும் போட்டியிடுகின்றனர்.

“படிக்கும் பிள்ளைக்கு உளி எதற்கு?” என வினவுவோர் உளர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கெனப் பிள்ளையின் மாலைப்பொழுதையெல்லாம் ஒப்புவித்துவிட்ட பெற்றோரும் அவ்வாறே வினவுவர். காலம் இல்லை என்பது அவர் கூறும் காரணம். அதன் அடியிற் கிடப்பதோ கைத்தொழிலை இழிவெனக் கருதும் பழைய நோய். தச்சன் செய்த தேருக்கு வடம் பிடித்த சமுதாயமே அவன் தொழிலைத் தாழ்வென்றது. மரத்தோடு போராடி ஒரு பொருளைச் செய்தறிந்த பிள்ளை அவ்வாறு எண்ணாது.

ஆசிரியராயும் பாட்டனாராயும் உள்ள அன்பர்களே! வரும் விடுமுறையில் பேரப்பிள்ளைக்கு ஒரு பலகையையும் சில மாலைப்பொழுதுகளையும் கொடுங்கள். அருகிலிருந்து காவுங்கள், ஆனால் கருவியைப் பறிக்காதீர்கள். கோணலாய் அமைந்தாலும் அது அவர்கள் செய்த பொருள். நாம் இல்லாத காலத்தும் அதனைத் தொடும் கைகள் நம்மை நினைக்கும்.